இன்னொரு ஆளும் ஒரு டப்பா புளிசாதமும்

தனியாக வாழ்கிறவர்கள் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. அமைதியைத் தேடி வெளியூர் போவது. வீட்டில் என்ன சந்தைக்கடையா நடக்கிறது? காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நான் ஒருத்தி. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம், அது நின்றால் அது நின்ற சத்தம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அமைதி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வேண்டுமென்றால் அரைக்கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலம் கட்டியே கொடுக்கலாம் (மளிகைக் கடைக்காரர் மகள், புத்தி எங்கே போகும்?). அப்படிப்பட்ட நான் நாற்பத்தேழு வயதில் ஸ்கூட்டியில் ஏறி, அமைதியைத் தேடிப் போனேன். போய், ஒரு மீனவ ஊரையே ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைதியில்லாமல் அடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். காட்டுப்பள்ளியைத் தாண்டி வடக்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று ஊர்த் தலைவர் எனக்கு உத்தரவே போட்டிருக்கிறார்.

என் பெயர் சண்முகக்கனி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். அப்பா போனார், பிறகு கடை போனது, பிறகு தம்பி பெங்களூருக்குப் போனான், போன வருஷம் அம்மாவும் போனாள். மிச்சம் இருப்பது நானும், அம்மா வைத்த நாலு ரோஜாத் தொட்டியும், ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலையும். அம்மா போன பிறகு சமையலில் ஒரு கோளாறு வந்தது. எனக்கு ஒரு ஆளுக்கு அரிசி போடத் தெரியவில்லை. கை தானாக ரெண்டு பேருக்கு அள்ளிவிடும். வடித்த சோறு மிஞ்சும். அதை இன்னொரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு அதையே எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுவேன். இதற்கு 'மீல் பிளானிங்' என்று பெயர் வைத்து ஆபீசில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போகிறவர் என்றால் தண்ணீர் கேன் போடும் தாமு மட்டும்தான். நாற்பதைத் தொடுகிற வயது. கேனை இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? மாட்டார். "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல தாமு" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசலிலேயே நின்றுவிடுவார். கீழே வண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆள் மேலே கதை பேசிக்கொண்டிருப்பார். பாவம், இந்த மனுஷனுக்குப் பேசவே ஆள் இல்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு நானும் பேச்சுக் கொடுப்பேன். எனக்கு எப்போதுமே இளகிய மனசு.

இந்தக் கதைக்கு முதல் காரணம் என் பக்கத்து நாற்காலி விமலா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காபி நேரத்தில் போனை நீட்டுவாள். ஏலகிரி, புதுச்சேரி, பேர் தெரியாத ஏதோ ஒரு கரையில் குடைக்கு அடியில் இளநீர். "நீங்க இந்த வாரம் எங்கக்கா போனீங்க?" என்று கடைசியில் கேட்பாள். நான் துணி துவைக்கப் போனேன் என்று சொல்ல முடியுமா? ஒரு நாள் பஸ்ஸில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே, கூட்டமில்லாத, அதிகம் பேருக்குத் தெரியாத கடற்கரை கிராமங்களாம். காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாமாம். 'உங்களை நீங்களே சந்தித்துக்கொள்ளுங்கள்' என்று கடைசி வரி. நான் என்னைத்தான் தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை சந்தித்துக்கொண்டிருக்கிறேன், அலுத்துப் போயிற்று. ஆனாலும் அந்தப் படத்தில் மணலில் ஒரு துணிப் பந்தல், அதன் கீழே ஒரு பெண், காற்றில் பறக்கிற தலைமுடி. தலைமுடி என்னிடமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை தாமுவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

"நாளைக்கு பீச்சுக்குப் போறேன் தாமு. காட்டுப்பள்ளி தாண்டி."

"யாரோடக்கா?"

"யாரோட? நான்தான்." சொல்லிவிட்டு, ஏனோ கேட்டுத் தொலைத்தேன். "தனியா போய் உக்காந்து சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"அய்ய, இன்னாக்கா நீ. சூப்பரா இருக்கும். போய்ட்டு வா."

அன்று ராத்திரி ஆயத்தம் செய்தேன். துணிப் பந்தலுக்கு அம்மாவின் கொசுவலைக் கம்பு நாலு. மேலே விரிக்க ஒரு பழைய போர்வை. கம்புகளை இழுத்துக் கட்டக் கயிறு தேடினேன், கிடைக்கவில்லை. யார்டில் வழி மறிக்கக் கட்டுகிற சிவப்பு வெள்ளைப் பட்டை நாடா ஒரு சுருள் வீட்டில் கிடந்தது (எங்கள் வீட்டில் எதைக் கட்டுவதற்கும் அதுதான்). அதை எடுத்துக்கொண்டேன். காலையில் புளிசாதம் கிளறினேன். வழக்கம்போல ரெண்டு டப்பா ஆயிற்று. பிறகு தலைக்கு ஹெல்மெட், மேலே யார்டில் கொடுத்த பச்சை கலந்த மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த ஜாக்கெட் இல்லாமல் போவது தற்கொலை. மேலிருந்து பார்க்கிற டிரைவர் கண்ணுக்கு நாமெல்லாம் சாலையில் கிடக்கிற ஒரு கல்.

இப்போது நீங்களே மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். கடலோரக் குடிசைகளுக்கு வடக்கே, ஆளில்லாத மணல். ஹெல்மெட்டும் மஞ்சள் ஜாக்கெட்டுமாக ஒருத்தி வருகிறாள். போர்வை அளவுக்கு இடம் வேண்டும் என்று மணலில் காலால் அளந்து நடக்கிறாள். மூலைக்கு ஒன்றாக நாலு கம்பு நட்டு, கல்லால் அடிக்கிறாள். கம்புக்குக் கம்பு சிவப்பு வெள்ளை நாடாவை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறாள். காற்று அடித்து மேலே போட்ட போர்வை பறந்துவிடுகிறது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் நாலு கம்பையும் நாடாவையும் நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். விமலாவுக்குக் காட்ட வேண்டுமே!

அந்தக் கரையோர ஊர்களுக்கு ஒரு பயம் உண்டு. அது ரொம்ப நாளாக இருக்கிற பயம், நியாயமான பயம். யாரோ வருவார்கள், அளப்பார்கள், கம்பு நடுவார்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பு இருந்த இடத்தில் சுவர் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கும். பஸ்ஸில் படித்த கட்டுரையில் இது இல்லை.

முதலில் வந்தது தனம். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டே வந்து நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றார். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னை மாதிரி நாலு பேரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற உடம்பு.

"இன்னா பண்ணிகினு கீற?"

"சும்மா, உக்காரலாம்னு."

"உக்கார்றதுக்கு எதுக்கு நாலு கம்பு?"

நியாயமான கேள்வி.

"எந்த ஊரு?"

"காலடிப்பேட்டை."

"அங்க கடல் இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க வந்த?"

"இங்க அமைதியா இருக்கும்னு..."

தனம் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பக்கத்துத் தெருவில் கடல் இருக்க, அமைதிக்காக இத்தனை தூரம் வந்து நாலு கம்பு நடுகிறவளை நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "வேலை எங்க பண்ற?" என்றார்.

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ முன்னேறியிருப்பேன். "கன்டெய்னர் யார்டுல" என்றேன்.

தனம் ஊர்ப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். "ஏ... ஓடியாங்க! சர்வேக்கு ஆளு வந்துகீது! கம்பு நட்டுக்கினு கீறா!"

அடுத்து நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் என் நாலு கம்பையும் ஏந்திக்கொண்டு ஒருவர், பின்னால் நாடாவோடு ஒருவர், நடுவில் ஹெல்மெட்டோடு நான். யாரும் என் மேல் கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் வந்தார்கள். கோயில் கூம்பு ஸ்பீக்கரில் அறிவிப்பு வேறு. "அன்பான ஊர் மக்களே! சர்வே பண்ண வந்த ஒரு லேடீஸைப் புடிச்சிகீறோம். எல்லாரும் ஒடனே வலைக்கூடத்தாண்ட வரவும்!" என் பிறந்த நாளுக்குக்கூட இத்தனை பேர் கூடியதில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், இத்தனை பேர் என்னைச் சுற்றி நடந்து வருவதில் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் எனக்குக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

வலை பின்னுகிற கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே ஊர்த் தலைவர். வெள்ளைப் பனியன், நிதானமான மனிதர். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர். தனம் என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தண்ணீர் பாட்டில், துண்டு, தைலம், கண்ணாடிப் பெட்டி. கடைசியில் ரெண்டு டப்பா. கூட்டம் கிட்டே வந்தது.

"ரெண்டு டப்பா கீது" என்றார் தனம்.

"ரெண்டு பேர் சோறு" என்றார் தலைவர். "இன்னொரு ஆளு எங்க?"

"இன்னொரு ஆள் இல்லைங்க. நான் மட்டும்தான் வந்தேன்."

"ஒரு ஆளு ரெண்டு டப்பா துன்னுவியா?"

என் உடம்பை ஒரு தடவை எல்லாரும் பார்த்தார்கள். நான் எலும்பும் தோலுமாக இருப்பேன். யாரும் நம்பவில்லை. அரிசி அளக்கும்போது கை தானாக அம்மாவுக்கும் சேர்த்து அள்ளுகிறது என்பதை, மைக் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு ஊருக்கு எப்படி விளக்குவது? நான் முழித்த முழியைப் பார்த்துத் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று இளவட்டங்களைக் கூப்பிட்டார்.

"சவுக்குத் தோப்புல பூந்து பாருங்கடா. அந்த இன்னொரு ஆளு மெசினோட அங்கதான் ஒளிஞ்சிகினு இருப்பான்."

மூன்று பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக ஒரு ஆணைத் தேடி யாரும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை (கல்யாணத் தரகர்கள் உட்பட).

நான் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். தலைவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இத்த வச்சிகினு இன்னாம்மா பண்றது? சர்வே பண்றவனுக்கு ஆதார் இல்லியா? இதுக்கு முன்ன வந்தவன்லாம் பேப்பரோடதான் வந்தான். எங்க ஊரு வழக்கம் வேற. புதுசா ஒரு ஆளு வந்தா, அவரைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் சொல்லணும். 'இவங்களை எனக்குத் தெரியும், நல்ல மாதிரி'ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். போன் போடு. உன்னைத் தெரிஞ்ச ஆளு யாருனா சொல்லட்டும், ஒடனே போய்டு."

எவ்வளவு எளிமையான வழக்கம்! ஒரே ஒரு ஆள். என்னைத் தெரியும் என்று சொல்ல ஒரு ஆள் போதும். போனைக் கையில் எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது?

முதலில் தம்பி. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். பின்வரிசையில் "ஒண்ணியும் கேக்கலப்பா!" என்று சத்தம் வரவே, மைக்காரர் மைக்கைக் கொண்டுவந்து என் போன் மேலேயே வைத்துவிட்டார். தம்பிக்கு மணி அடிப்பது கோயில் கூம்பு வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. அடித்தது, அடித்தது, நடுவில் கட் ஆயிற்று. ஒரு மெசேஜ் வந்தது. தனத்தின் மகள் அதை வாங்கி மைக்கில் வாசித்தாள். "பிஸியாக இருக்கிறேன். பிறகு அழைக்கிறேன்."

"ஞாயித்துக்கெழம கூடவா?" என்றார் மைக்காரர், எனக்காக வருத்தப்பட்டு.

அடுத்து விமலா. 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று கூம்பு ஸ்பீக்கர் ஊருக்கே தெரிவித்தது. அவளும் எங்கோ அமைதியைத் தேடிப் போயிருந்தாள். அவளுக்கு அது கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

மூன்றாவதாக நான் செய்ததுதான் மடத்தனத்தின் உச்சம். எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், உடனே எடுத்தார். ஒரு ஊர் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது, நான் யாரென்று சொல்லுங்கள் சார் என்றேன். அவ்வளவுதான், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாருங்க அது? அவங்க எங்க கம்பெனி சீனியர் ஸ்டாஃப்! அவங்களுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கம்பெனி சும்மா இருக்காது. இப்பவே வண்டி எடுத்துட்டு பத்து பேரோட வரேன், இருங்க!"

ஊர் கொதித்துவிட்டது. "பாத்தியா, கம்பெனியாம்! பத்து பேரோட வரானாம்!" ஒருவர் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். நான் அவசரமாகப் போனை அணைத்தேன். தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "சம்பளம் குடுக்கறவன் சொல்றதுல்லாம் கணக்கில்லம்மா. உன்னைத் தெரிஞ்ச ஆளு. வூட்டாண்ட, தெருவாண்ட, யாரும் இல்லியா?"

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏசி மெக்கானிக். கேஸ் புக்கிங். பிளம்பர் பழசு. பிளம்பர் புதுசு. லோன்காரன் எடுக்காதே. எல்லாருக்கும் மேலே 'அம்மா' இருந்தாள். அந்த நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. இப்போது அந்த நம்பரில் யார் இருக்கிறார்களோ, யார் கண்டது? இவ்வளவு பெரிய பட்டணத்தில் பிறந்து வளர்ந்து, நாற்பத்தேழு வருஷம் உயிரோடு இருந்து, 'இவளை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பு நட்டதைவிட அதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டேன்.

விரல் கீழே போய் 'தண்ணி கேன்' என்ற பெயரில் நின்றது. அழுத்தினேன். ரெண்டாவது மணிக்கே எடுத்தார்.

"சொல்லுக்கா. பீச்சுக்குப் போய்ட்டியா?"

தலைவர் போனை வாங்கிக்கொண்டார். "யாருப்பா பேசறது? இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். நல்லாத் தெரியும்."

"பேரு இன்னா?"

"பேரு தெர்யாது சார். மாடி வூட்டு அக்கா."

கூட்டம் ஹோ என்று சிரித்தது. "பேரே தெர்யாதாம், நல்லாத் தெரியுமாம்!" என்றார் தனம்.

"பேரு எதுக்கு சார்?" தாமுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க சர்வே கிர்வேல்லாம் இல்ல சார். பாவம் சார் அவங்க. அவங்கம்மா போனதுலேர்ந்து தனியா கீறாங்க. நான் கேன் எறக்கிட்டுக் கெளம்பினா, வெயில் ஜாஸ்தியா கீதுன்னு எதுனா சொல்லி நிறுத்துவாங்க. எனக்குக் கீழ வண்டில லோடு கீது சார். இருந்தாலும் போவ மாட்டேன். ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன். பேச ஆள் இல்ல சார் அவங்களுக்கு. நானும் போய்ட்டா அன்னிக்கு முழுக்க வாயே தொறக்க மாட்டாங்க."

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மணலுக்குள் புதைந்துகொள்ள இடம் பார்த்தேன். இத்தனை நாளும் அந்த மனிதருக்குப் பேச ஆள் இல்லை என்று நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்! என் இளகிய மனசை அவர் கேனோடு சேர்த்து மாடி ஏற்றி, இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் இது என் காதில் மட்டும் விழவில்லை. கோயில் உச்சியிலிருந்து, கருவாடு உலர்த்துகிறவர்களுக்கும், கட்டுமரத்து நிழலில் சீட்டு ஆடுகிறவர்களுக்கும், வீட்டுக்குள் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. என் தனிமைக்கு அன்றைக்கு ஒலிபெருக்கி வைத்தாயிற்று.

"அப்ப ரெண்டு டப்பா இன்னாத்துக்கு?" என்று தலைவர் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"சோத்து டப்பாவா சார்? அது அப்படித்தான் சார் ஆவும். அவங்கம்மாவுக்கும் சேத்து ஆக்கிடுவாங்க, கை பழக்கம். ஒரு நாளு எனக்கும் குடுத்தாங்க. உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும் சார், மத்தபடி நல்லா இருக்கும்."

தனம் குனிந்து ஒரு டப்பாவைத் திறந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"ஆமா" என்றார் தனம். "உப்பு கம்மி."

அத்தோடு வழக்கு முடிந்தது. "அக்கா, நாளைக்கு கேன் போடவா?" என்று கூம்பு ஸ்பீக்கர் கேட்டது. "போடுங்க தாமு" என்று நான் மைக்கில் பதில் சொன்னேன். மைக்காரர் மைக்கை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார், அவர் கண்ணும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டு, பத்து பேரும் வர வேண்டாம், எல்லாம் சுமுகம் என்று சொன்னேன். அவருக்கு லேசான ஏமாற்றம்.

தனம் என் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். "இதுக்கா கம்பு நட்ட? ஊட்டுக்குள்ளாற வந்து உக்காந்தா நாங்க இன்னா வாணாம்னா சொல்லப் போறோம்?" என்று திட்டிக்கொண்டே இழுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டு வாசல் நிழலில் உட்கார்ந்து, ஒரு டப்பாவை நானும் இன்னொரு டப்பாவைத் தனமும் மகளுமாகச் சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு. உப்புக் கணக்கு சரியாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "நாங்க மொதல்லயே சொன்னோம், மூஞ்சப் பாத்தா சர்வே மாதிரி இல்லன்னு" என்றார்கள். எல்லாரும் மொதல்லயே சொன்னவர்கள்தான்.

வெயில் தாழ்ந்து நான் கிளம்பப் போகும்போதுதான் சவுக்குத் தோப்புக்குப் போன மூவரும் திரும்பி வந்தார்கள். அவர்களைக் கூப்பிட எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது. தோப்பையும் அதன் ஓரத்து முள்புதரையும் முழுக்க அலசி, லுங்கி கிழிந்து, காலெல்லாம் முள் கீறலோடு வந்து நின்றார்கள். அவர்களில் உயரமாக இருந்தவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"தலைவரே, ஆளு பயங்கர உஷாரு. தடம் கீது, ஆளக் காணோம். தப்பிச்சிட்டான்."

ஊர் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழும்பிப் பறந்தன. தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தம் போட்டு. தலைவர் என் நாலு கம்பையும் நாடா சுருளையும் என் கையில் கொடுத்து, "எப்ப வேணா வாம்மா. இத்த மட்டும் எடுத்தாராத. ஊர் பேரையும் யாராண்டயும் சொல்லிடாத" என்றார்.

ராத்திரி தம்பி கூப்பிட்டான். "என்னக்கா, போன் பண்ணியிருந்தே?" என்றான். "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? சும்மா என்பதற்கு வேறு என்ன கேட்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

மறுநாள் தாமு வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கவே கூச்சம். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "கீழே லோடு இருக்கும், நீங்க கிளம்புங்க தாமு" என்றேன். அவர் கேனை இறக்கினார், துண்டால் முகத்தைத் துடைத்தார், கிளம்பவில்லை. சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வானத்தை நன்றாக அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும் போலக் கீதேக்கா" என்றார்.

அன்றைக்கு அவர் பெயர் தாமோதரன் என்றும், என் பெயர் சண்முகக்கனி என்றும் பேசித் தெரிந்துகொண்டோம். ஆனாலும் அவர் போனில் நான் இன்னும் மாடி வூட்டு அக்காதான், என் போனில் அவர் இன்னும் தண்ணி கேன்தான்.

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊருக்குப் போகிறேன். கம்பு இல்லாமல், ஜாக்கெட்டை ஊர் எல்லையிலேயே கழற்றி வண்டிக்குள் திணித்துவிட்டு. அங்கே எனக்கு 'சர்வே அக்கா' என்று பெயர். வலைக்கூடத்தைத் தாண்டும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார். "இன்னாக்கா, அந்த இன்னொரு ஆளு கெடச்சானா?" அன்றைக்கு முள் குத்தின மூன்று பேரில் ஒருவர் இருந்தால் இன்னும் சத்தமாக. "தோப்புல நல்லாப் பாருங்கப்பா, அங்கதான் இருப்பான்" என்று நானும் திருப்பிக் கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். என்னைப் போன்ற ஒருத்தியிடம் கேட்கக் கூடாத கேள்விதான் அது. வேறு யார் கேட்டாலும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பேன். அவர்கள் கேட்டால் ஏனோ வலிக்கிறதில்லை. ஒரு ஆள் எனக்கு இருக்கக்கூடும் என்று நம்பி, மத்தியானம் முழுக்க முள்ளில் தேடினவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அரிசி அளக்கிற கை இன்னும் திருந்தவில்லை. ரெண்டு டப்பாதான் ஆகிறது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் தனம் வந்து முன் கொக்கியிலிருந்து பையை எடுத்து, இரண்டாவது டப்பாவை எனக்கு முன்னாலேயே திறந்துவிடுவார். சாயங்காலம் எண்ணூர் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே திரும்பி வரும்போது, ரெண்டு காலி டப்பாவும் கொக்கியில் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து ரெண்டையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். அன்றைக்கு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்க ஒன்றும் இருக்காது.